விழுந்த அரண்மனைக்கு ஆள் தேவை

ஒரு ஊரில் ஒரு ராணி இருந்தாவாம். அவவுக்குக் கடலைப் பார்த்தபடி ஒரு அரண்மனை இருந்ததாம். ராணி போய்விட்டா, அரண்மனையும் போய்விட்டது, அதைக் காட்டுகிற வேலை மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது. நிற்கிற அரண்மனையைக் காட்ட ஒரு கை போதும். விழுந்த அரண்மனையைக் காட்டத்தான் வாய் வேண்டும். எனக்கோ வாய் சின்னது.

எங்காவது ஒரு கோட்டை வாசலில் நின்று, பத்துப் பேருக்கு முன்னால் கையை நீட்டி "இதுதான்" என்று சொல்லி, பத்துப் பேரும் வேறு பக்கம் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். கொஞ்சம் கிட்டவே இருங்கள். பெரியவர்கள் கதை சொல்லுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த வீட்டில் கதை சொல்பவர் சத்தத்தைக் கூட்டுவதில்லை; கேட்பவர்தான் நகர்ந்து வர வேண்டும். எங்கள் ஊர் தோட்டவெளியில் அது சரி. அந்த அரண்மனை விழுந்து கிடக்கிற அரிப்பு என்ற ஊரின் கடற்காற்றுக்கு முன்னால் அது எடுபடவில்லை.

மன்னார் டவுனில் யூட் அண்ணைக்குச் சுற்றுலா ஓட்டம் ஓடுகிற வான் வண்டி இரண்டு. ஒன்றில் நான் வழிகாட்டி. அடி பெருத்த பழைய பெருக்கமரம், கோட்டை, திருக்கேதீச்சரம் கோயில், கடைசியாக அரிப்பில் அல்லிராணி கோட்டை: இதுதான் எங்கள் பாதை. பெயரைக் கேட்டு ஆசையோடு இறங்குகிற சனம் நாலைந்து துண்டுச் சுவரையும் இரண்டு மொட்டைத் தூணையும் பார்த்துவிட்டு, வானில் இருக்கிற கருத்துக் கொப்பியில் மனதில் பட்டதை எழுதிவிடும். மாசி மாதத்தில் ஒருநாள் யூட் அண்ணை அந்தக் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தார்.

"மரம் தானா நிக்குது. கோட்டையிலை பலகை இருக்கு. கோயிலிலை ஐயர் இருக்கிறார். உன்னை நான் வைச்சிருக்கிறது அரிப்புக்கு மட்டும்தான். அங்கை போயிட்டு வாற சனம் 'ஒண்டுமில்லை' எண்டு பக்கம் பக்கமா எழுதுது. சோளகம் தொடங்க முன்னம் இது மாறாட்டி நான் அரிப்பை வெட்டுறன். அரிப்பு போனா நீயும் போறாய். உன்ரை மாமான்ரை ஐஸ் வாடியிலை மீன் பெட்டி தூக்க ஆள் தேடினமாம்."

சோளகம் என்பது வைகாசியில் தென்மேற்கிலிருந்து எழுகிற காற்று. எனக்கு மூன்று மாதம் இருந்தது.

தஞ்சாவூர்க்காரர் தேடிய டிக்கெட் கவுண்டர்

அந்த எச்சரிக்கைக்குப் பிறகு ஏறிய முதல் ஆட்களே தஞ்சாவூர்க் குடும்பமாக அமைந்தது என் தலையெழுத்து. ஐயாவின் வீடு அங்கே அரண்மனைக்குப் பின் தெருவிலாம். காலையில் பால் வாங்கப் போவதே அரண்மனை மதிலோரமாகத்தானாம். அப்படிப்பட்ட மனிதரை அரிப்பில் இறக்கிவிட்டு நான் கையை நீட்டினேன்.

"அரண்மனை எங்கப்பா?" என்றார்.

"இதுதான் ஐயா."

"இது சுவரு. அரண்மனை?"

அவர் குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே தேடினார். டிக்கெட் கொடுக்கிற இடம் எங்கே, செருப்பு வைக்கிற இடம் எங்கே என்று சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நான் அல்லிராணியின் கதையைத் தொடங்கினேன். ஆண்கள் நடுங்குகிற ராணி, முத்துக் குவியல், குதிரைப்படை எல்லாவற்றையும் காற்று என் வாயிலேயே வாங்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. ஐயா என் தோளில் தட்டி, "எங்க ஊர் அரண்மனையில வௌவால் தொங்குற மண்டபமே இதைவிடப் பெருசு தம்பி, ஆனா நீ வருத்தப்படாத" என்றார். கொப்பியில் அவர் எழுதியது ஒரே வரி: கடல் நன்றாக உள்ளது.

யூட் அண்ணை அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கொப்பியை மூடிக்கொண்டே சொன்னார்: "கடலைக் காட்ட நான் ஆள் வைக்கத் தேவையில்லை, தம்பி. அது எல்லாருக்கும் தானாத் தெரியிது."

ரஹீம் நானாவின் பூசை நேரம்

எங்கள் வான் ஓட்டுநர் ரஹீம் நானா சிலாவத்துறைக்காரர். அவர் அரிப்பில் பேசினால் அடுத்த ஊரான சிலாவத்துறையில் கேட்கும். கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்குத் திருக்கேதீச்சர வாசலில் நான் முறைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். முன் வரிசை இரண்டு பேருக்கு மேல் ஒருவருக்கும் எட்டவில்லை. நானா வானின் படியில் ஏறி நின்றார்.

"ஆம்பிளையள் சேட்டைக் கழட்டுங்கோ. ஃபோனை அணையுங்கோ. முதல்லை பாலாவியிலை கால் கழுவிப்போட்டு வாங்கோ. அருச்சனைத் தட்டு அந்தக் கடையிலை, இந்தக் கடையிலை இல்லை. மத்தியானம் நடை சாத்திப்போடுவினம், கதைச்சுக்கொண்டு நிக்காதையுங்கோ."

கூட்டம் அப்படியே பாலாவிக் குளத்தை நோக்கித் திரும்பியது. போகிற போக்கில் எல்லாரும் அவரிடம்தான் கேட்டார்கள். ஒரு அம்மா தன் நட்சத்திரத்துக்கு இன்றைக்கு நல்ல நேரம் எது என்றுகூடக் கேட்டா. நான் ஓரமாக நின்று, யூட் அண்ணை சொன்னது சரிதான், கோயிலுக்கு நான் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அதே அம்மா திருநீற்றுப் பூச்சோடு நானாவுக்கு ஒரு வாழைப்பழத்தை நீட்டி, "நீங்கள் ஆர், இஞ்சத்தைக் குருக்கள் வீட்டு ஆளோ?" என்று விசாரித்தா.

"இல்லை அம்மா, நான் பள்ளிவாசலுக்குப் போற ஆள்" என்றார் ரஹீம் நானா. "ஆனா இஞ்சை நடை சாத்தினா, கோவத்தோடை நிக்கிற சனத்தை ஏத்திக்கொண்டு போறது நான்தானே."

பழனியம்மா அக்காவும் முன் கதவும்

பங்குனியில் இலுப்பைக்கடவைப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்று வானைப் பிடித்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பங்களின் பெண்கள். கச்சான் கடலை பிடுங்குவது, வெங்காயத்துக்குப் புல்லெடுப்பது என்று நாட்கூலி வேலை. வான் நிறையச் சிரிப்பு. அரிப்பில் இறங்கியதும் நான் ராணியைத் தொடங்கினேன். பழனியம்மா அக்கா என்று ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், இடுப்பில் கை வைத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ எங்களுக்குப் பொய் சொல்றியா, இல்ல ஒனக்கே யாரும் பொய் சொல்லிட்டாங்களா?"

"ஏன் அக்கா?"

"இது ராணி வீடு இல்ல. இது தொரை பங்களா."

அவர் சொன்னதுதான் உண்மை. முத்துக்குளிப்பைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரக் கவர்னர் கட்டின வீடு என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் அல்லிராணி என்று சொல்வதால் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த அக்கா அதை எங்கே வாசித்தார்?

வாசிக்கவில்லை. பதினாலு வயதுவரை ஒரு தோட்டத்தில் பங்களா வேலைக்குப் போயிருக்கிறார். "வாசல் பாரு, காத்துக்கு நேரா. தொரைக்கு வேர்க்கக் கூடாது. குசினி அந்தக் கோடியில இருந்திருக்கும், தொரைக்குப் பொகை ஆகாது. நம்மாளுங்க வர்ற வழி அதுக்கும் பின்னால." அதோடு விடவில்லை. கூட வந்தவர்களைப் பிடித்து இடம் இடமாக நிறுத்தத் தொடங்கினார்.

"ஏய் சரோஜா, நீ குசினி. அங்க போய் நில்லு."

"என்னைய ஏன்டி குசினியாக்குற? நான் சாப்பாட்டு ரூமா நிக்கிறேன்."

"நீ நின்னா சாப்பாடு மிஞ்சாது. போ."

இரண்டு பேர் முன் வாசல் தூண். நாலு பேர் விறாந்தை. ஒருத்தி மாடிப்படி, அவள் மட்டும் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றாள். பத்து நிமிடத்தில் என் முன்னால் ஒரு வீடு எழும்பி நின்றது. நூறு தடவை வந்த இடத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பழனியம்மா அக்கா கடற்பக்கமாகச் சுற்றிப் போய், சேலையைச் சரிசெய்து, தூணாக நின்ற இரண்டு பேருக்கும் நடுவால் மெல்ல நடந்து வந்தார். விறாந்தையில் ஒரு கல்லில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டார். குசினியிலிருந்து சரோஜா அக்கா ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி கொண்டுவந்து, "சலாங்க தொரைசாணி" என்று குனிந்து கொடுத்தார். வான் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்த பெண்கள், அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை ஒரு சத்தமும் போடவில்லை. பிறகு மகளைக் கொண்டு கொப்பியில் அவர் எழுதுவித்தது இது: "சின்ன வயசில் பங்களாவுக்குப் பின் கதவால் போனேன். இன்றைக்கு முன் கதவால் போய் உட்கார்ந்தேன். கதவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை."

வலை பொத்துகிறவரின் வழக்கு

யூட் அண்ணை அந்தப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். "வடிவா எழுதியிருக்கினம், ஓம்" என்றார். "ஆனா இது ஒண்டு. அதுவும் உள்ளூர் ஆக்கள். வெளியிலை இருந்து, பெரிய அரமனையெல்லாம் பாத்துப்போட்டு வாற ஆக்கள் சொல்லட்டும், நான் விடுறன்." ஐஸ் வாடி கொஞ்சம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

நான் பாடத்தை மாற்றிவிட்டேன். ராணியை விட்டுக் கவர்னரைப் பிடித்தேன். வருகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் குசினியாகவும் படியாகவும் நிறுத்தினேன். இதற்குக் கத்தத் தேவையில்லை, ஒவ்வொருவரிடமும் கிட்டப் போய்ச் சொன்னால் போதும். இரண்டு மூன்று கூட்டம் நன்றாகவே போயிற்று. நாலாவது கூட்டம் வானில் ஏறிய பிறகு, கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அரிப்பு ஊர்க்காரர் ஒருவர் எழும்பி வந்தார். பேதுரு அண்ணை. ஊசி கையிலேயே இருந்தது.

"ஒரு மாதமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன். எங்கடை அல்லியைத் தூக்கி ஏன் வெள்ளைக்காரனிட்டைக் குடுத்தனீர்?"

கட்டினவர் கவர்னர்தான் என்று நான் மெல்லச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. என்னைக் கரை மேட்டின் விளிம்புக்குக் கூட்டிப் போய்க் கீழே காட்டினார். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், தண்ணீருக்குள் ஒரு பெரிய சுவர்க்கட்டி பாசி பிடித்துக் கிடந்தது. "முந்தி அது வரைக்கும் கரை. அதிலை ஒரு பெரிய அறை நிண்டது. அது சரிஞ்சு விழேக்கை நான் தோணியிலை நிண்டனான். நீர் ஆக்களை வைச்சு வீடு கட்டேக்கை அந்த அறையை விட்டுப்போட்டுக் கட்டுறீர். வீடு ஒரு பக்கம் நொண்டுது." அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் காட்டிவந்தது முக்கால் வீடு. நன்றி சொன்னேன். அவர் அதை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை; ஊசியை என் பக்கம் நீட்டி வழக்கை முடித்தார்: "கட்டினவன் அவன்தான், ஓம். பேர் வைச்சது நாங்கள், விழேக்கை பாத்துக்கொண்டு நிண்டதும் நாங்கள். இப்ப சொல்லும், வீடு ஆருக்குச் சொந்தம்?"

மதுரைத் தூண்

சித்திரையில் ஒரு சோடி வந்தது. புதுசாகக் கலியாணம் செய்தவர்கள். மாப்பிள்ளை மேசன், தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, பெற்றோரோடு திரும்பி வந்தவர். பொம்பிளைக்கு ஊர் வங்காலை. வழியெல்லாம் அவர் மதுரை மகாலைப் பற்றியே பேசினார். அங்கே ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் வேண்டுமாம். அரிப்பில் இறங்கிச் சுவரை விரலால் சுரண்டி, "சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்புதான், ஆனா தூணுன்னா..." என்று மறுபடி தொடங்கினார்.

"கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து அந்தத் தூணோடைதான் குடும்பம் நடத்திறன்" என்றா பெண், என்னைப் பார்த்து.

இரண்டு பேரை வைத்து எப்படி வீடு கட்டுவது? ரஹீம் நானாவைக் குசினியில் விட்டேன். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நல்ல வேளையாக விறாந்தை ஓரத்திலேயே நின்றன. மாப்பிள்ளையை முன் வாசலில் தூணாக நிறுத்தினேன். தூண் அசையக்கூடாது, பேசவும் கூடாது என்றேன். மனுசன் தொழில்காரன், தூக்குக்குண்டு பிடித்தது போல நேராக நின்றார். அந்த வாய் ஓய்ந்ததில் சுற்றுவட்டாரமே அமைதியானது. பெண் அவரை ஒருமுறை சுற்றி வந்தா. பிறகு இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, என்னிடம் சொன்னா: "எழுதிக்கொள்ளுங்கோ தம்பி, இந்தத் தூணுக்கு நான் ஒரு ஆள் போதும்."

யூட் அண்ணைக்கு வந்த அறை

சித்திரைக் கடைசி. கடல் நிறம் மாறத் தொடங்கிவிட்டது. அப்போது வந்தவர் வசந்தா மேடம். மைசூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். ஊர் ஊராக அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் ஆட்களைக் கூட்டிப் போவதுதான் அவருடைய தொழில். தன்னோடு வேலை செய்கிற பத்துப் பேரோடு, இனி மன்னாருக்கும் ஆட்களைக் கொண்டுவரலாமா என்று பார்க்க வந்திருந்தார். யூட் அண்ணை வெள்ளைக் காற்சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு தானே முன் சீற்றில் ஏறினார். ஏறும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்: "இண்டைக்கு அரிப்பு இல்லை. மைசூர் அரமனையைப் பாத்த மனுசிக்கு அந்தச் சுவரைக் காட்டி என்ரை மானத்தை வாங்காதை."

மேடம் மன்னார்க் கோட்டையில் ஒவ்வொரு மூலையிலும் நின்று படம் எடுத்தார். நாங்கள் திருக்கேதீச்சரம் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. இனிப் பின்னேரம்தான். வெயிலில் பதினொரு பேர். யூட் அண்ணை ரஹீம் நானாவைப் பார்த்தார். நானா என்னைப் பார்த்தார். பிறகு ஒருவரையும் பார்க்காமல், "அரிப்புப் பக்கம் இப்ப நல்ல காத்து" என்றார்.

"அரை மணித்தியாலம்" என்றார் யூட் அண்ணை, என் காதுக்குள். "அவ முகம் சுளிச்சாச் சரி, நாளைக்கு நீ ஐஸ் வாடி."

மேடம் இறங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "ஏங்க, பேலஸ் எங்க?"

யூட் அண்ணை கடலைப் பார்த்தார். என் வாய் தன்பாட்டில் சொன்னது: "இன்னும் கட்டேல்லை மேடம். ஆக்கள் வேணும்."

அவர் சிரிக்கவில்லை, "எத்தனை பேர்?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவர். காற்று என் குரலை எடுத்துக்கொண்டு போனதால், கிட்ட நின்றவருக்கு நான் சொன்னேன். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். அப்படியே வரிசையாகப் போயிற்று. தூணுக்கு இரண்டு பேர், விறாந்தைக்கு நாலு, படிக்கு ஒருவர், சாப்பாட்டு அறைக்கு இரண்டு, பின் வழிக்கு ஒருவர். ரஹீம் நானா தானாகவே குசினிக்குப் போய், "பசிக்குது, நான் இதிலை நிக்கிறன்" என்றார். ஒரே ஒரு அறை மிஞ்சியது. ஒரே ஒரு ஆளும் மிஞ்சினார்.

"அண்ணை, நீங்கள் கவர்னர்ரை பெரிய அறை."

"எங்கை நிக்க?"

நான் கீழே கையைக் காட்டினேன்.

"அது கடல்."

"ஓம் அண்ணை. முழங்கால் மட்டும்தான்."

யூட் அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் ஐஸ் வாடியே இருந்தது. ஆனால் மேடமும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றினார். வெள்ளைக் காற்சட்டையை ஒவ்வொரு மடிப்பாக மடித்தார். சரிவால் இறங்கி, பாசிக் கல்லைப் பிடித்துத் தண்ணீருக்குள் நின்றார். முதல் அலையே மடிப்பைத் தாண்டியது.

மேடம் கடற்பக்கம் சுற்றிப் போய், தூண்களுக்கு நடுவால் உள்ளே வந்தார். ஆளுக்கு ஆள் விரலை நகர்த்திக்கொண்டே மெல்லத் திரும்பினார். சாப்பாட்டு அறை, படி, தூரத்தில் குசினி, பிறகு கடலுக்குள் நிற்கிற யூட் அண்ணை. விரல் அங்கே நின்றது. "அவ்வளவு தூரம் போகுதா வீடு?" என்றார். நான் ஓம் என்றேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க ஊர்ல கயிறு கட்டி, தொடாதேன்னு போர்டு வெச்சிருப்பாங்க. இங்க சுவரே நாமதான். எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன் தம்பி, ஆனா அரை மணி நேரம் பத்தாது. ஒரு காலை முழுக்க இங்கதான்."

ஆட்கள் வானுக்குத் திரும்பினார்கள். படி இறங்கிப் போனது, விறாந்தை போனது, தூண் இரண்டும் பேசிக்கொண்டே போயின, குசினி ஹோர்ன் அடித்தது. கீழே பெரிய அறை மட்டும் இன்னும் நின்றது. சொல்லைக் கடத்த இடையில் ஒருவரும் இல்லாததால் யூட் அண்ணைக்கு ஒன்றும் எட்டவில்லை. என்ன சொன்னவ என்று கையாலே கேட்டார். நான் இறங்கிப் போய், தண்ணீருக்குள் அவருக்குக் கிட்ட நின்று, என் குரலிலேயே முழுவதையும் சொன்னேன். ஒரு காலை முழுக்க என்ற இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் சப்பாத்தை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். பாதியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "அடுத்த முறை எனக்கு நடு அறை தா. இதுக்கு வேறை ஆரையும் பிடி."

காற்சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக வானை நோக்கி நடந்துபோனார்.

கட்டினது கவர்னர், பேரெடுத்தது அல்லிராணி, இடித்தது கடல், இவ்வளவுக்கும் நனைந்தது எங்கள் முதலாளி மட்டும்தான்.